தவில்காரர் எந்தக் கைக்காரர்?

என் சாப்பாட்டு மேஜையில் தடிமனான குளியல் துண்டு. அதன் மேல் குப்புறக் கிடந்தது ஒரு கருப்பு மரச் சட்டம். பின்பலகையைத் துருப்பிடித்த சின்ன ஆணிகள் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருந்தன. என் கையில் குறடு.

குளிர்காலத்தில் எங்கள் டெல்லி முனிர்கா வீட்டுப் பால்கனிக்கு வெயில் வருவது பெரிய மனுஷன் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி. தாமதமாக வரும், உடனே கிளம்பிவிடும். அது இருக்கும்போதே வேலையை முடித்தாக வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தேன். மேல் மாடியில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களிடம் போய், "கொஞ்ச நேரம் யாரும் குதிக்காதீங்கப்பா, மேஜை அதிரக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மேஜைக்கு எதிரே இரண்டு பேர். ஒருவர் சிங்காரவேலு சார். மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்லித் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் நாகஸ்வரம். இன்னொருத்தி வல்லி, காலமாகிவிட்ட அவர் தம்பியின் மகள். பிறந்தது, வளர்ந்தது, வேலை பார்ப்பது எல்லாம் ஆர்.கே.புரம். பெரியப்பாவின் கோஷ்டியில் தவில் வாசிக்கிறாள். இடது கைக்காரி.

"ஆன்ட்டி, உடைஞ்சிடாதுல்ல?" என்றாள் வல்லி.

"உடையக்கூடாதுன்னுதான் துண்டு போட்டிருக்கேன். உடையவே உடையாதுன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"உடைஞ்சாலும் பரவால்ல, நெஜம் தெரிஞ்சாகணும்" என்றார் சார்.

சட்டத்துக்குள் இருந்தவர் அவர்கள் குடும்பத்தின் மூத்த தவில்காரர். கண்ணாடியில் பிடித்த படம். அவர் வலது கைக்காரரா, இடது கைக்காரரா என்பதுதான் வழக்கு. இடது என்றால், வரப்போகும் முருகன் கோயில் திருக்கல்யாணத்தில் வல்லி வாசிப்பாள். வலது என்றால் கையை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மேடை ஏறக்கூடாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் நான். கலகத்தை மூட்டிவிட்டவளும் நானேதான்.

முதல் ஆணியைப் பிடுங்குவதற்கு முன் கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்கிறேன்.

இடது கையில் விபூதி

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு அருளப்பனைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அருளப்பன் மன்னார்குடியில் போட்டோ பிடித்தவர். அந்த ஊரை ரயில் எட்டிப் பார்ப்பதற்கு முந்தைய காலம். பெரிய ஊர்களில் வெள்ளைக்காரத் துரைகள் கூடாரம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இவர் கீற்றுக் கொட்டகையில், ஒரு பட்டை ஜமக்காளத்தை விரித்து, மிராசுதார்களையும் பாட்டுக்காரர்களையும் உட்கார வைத்துப் படம் பிடித்தார்.

அவரை நான் கண்டுபிடித்தது தரியாகஞ்ச் ஞாயிற்றுச் சந்தையில். பழைய புத்தகம் வாங்கப் போனவள், பித்தளைப் பூட்டுகளுக்கும் உடைந்த கடிகாரங்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்தேன். கருப்புத் துணியின் மேல் வைத்தால் ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அடியில் தமிழில் கீறியிருந்தது: அருளப்பன், மன்னார்குடி. டெல்லித் தூசிக்குள் மன்னார்குடி! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பையா, இது என்ன?" என்று கேட்டால், கடைக்காரர் "ஷீஷா ஹை மேடம்" என்றார். கண்ணாடியாம். அது எனக்குத் தெரியாதா!

வீட்டுக்கு வந்து உற்றுப் பார்த்தபோது ஆத்திரம்தான் வந்தது. பெரியவர் தட்டிலிருந்து விபூதி எடுத்துக் கொடுப்பது போல உட்கார்ந்திருக்கிறார். கொடுப்பது இடது கையால். எந்தத் தமிழன் இடது கையால் விபூதி கொடுப்பான்? கொடுத்தால்தான் யார் வாங்குவார்கள்?

நான் வேலையில் இருந்த காலம் முழுக்க சர்க்கார் ஆய்வுக்கூடத்தில் பெயின்ட்டையும் வார்னிஷையும் சுரண்டிச் சோதித்தவள். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. அந்தக் காலத்தில் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மருந்து பூசி, அந்தப் பூச்சிலேயே படத்தைப் பிடிப்பார்கள். பூச்சிருக்கும் பக்கத்தை நேராகப் பார்த்தால் இடம் வலமாகவும், வலம் இடமாகவும் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடியில் நாம் தெரிகிறோமே, அந்தக் கணக்குதான். பாவம் பெரியவர், ஒழுங்காக வலது கையால்தான் கொடுத்திருக்கிறார்.

அந்தப் படத்தை அந்த வீட்டில் மாட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அருளப்பன் தலையில் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள். "எங்கப்பாவை இப்படி ஆக்கிட்டியே" என்று சண்டையே நடந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் நம்மவர்களை எனக்குத் தெரியும்.

நடுவில் ஒரு பள்ளம்

அதன் பிறகு எனக்கு அருளப்பன் பைத்தியம் பிடித்துவிட்டது. டெல்லியில் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் இருக்கும் வீடாகப் பார்த்துப் படியேறினேன். உத்தியோகத்துக்காக வடக்கே வந்தவர்கள் டிரங்குப் பெட்டியில் அரிசி, அப்பளம், ஊறுகாயோடு முன்னோர் படங்களையும் கொண்டுவந்திருக்கிறார்கள். இப்போது பரண்மேல் கிடக்கின்றன. பிள்ளைகளுக்கு அது யார் என்று தெரியாது, தூக்கிப் போடவும் பயம்.

லக்ஷ்மிபாய் நகரில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்தது அடுத்த சாட்சி. தடித்த அட்டையில் ஒட்டிய காகிதப் படம். அட்டையின் அடியில் அருளப்பன் பெயர் தங்க எழுத்தில், கொடி சுற்றி, அச்சடித்திருந்தது. ஆள் முன்னுக்கு வந்துவிட்டார்! கீற்றுக் கொட்டகை போய்த் தூணும் திரையும் வந்துவிட்டன. காகிதப் படத்தில் இடம் வலம் மாறாது. அங்கவஸ்திரம் அதற்குரிய தோளில் இருந்தது.

ஆக, தொடக்கம் தெரியும், உச்சமும் தெரியும். நடுவில்தான் பள்ளம். விபூதிச் சண்டைக்குப் பிறகு மனுஷன் கண்ணாடியையே கைகழுவிவிட்டு நேரே காகிதத்துக்குத் தாவியிருப்பார் என்று நான் அடித்துச் சொன்னேன். சில வாரங்களுக்கு முன் இதே பத்திரிகையில், "உங்கள் வீட்டில் அந்தக் காலத்துக் கண்ணாடிப் படம் இருந்தால், அதில் இடது கை என்று தெரிவது வலது கைதான்" என்று எழுதி முடித்தேன். எழுதிவிட்டு எனக்கு நானே காபி போட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

உங்களால என் கை போச்சு

பத்திரிகை வந்த வாரமே ஒரு போன்.

"ஆன்ட்டி, நீங்கதானே போட்டோகிராபர் பத்தி எழுதறது? உங்களால என் கை போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னம்மா ஆச்சு? ஆக்சிடென்ட்டா?"

"ஆக்சிடென்ட்லாம் இல்ல. நான் வல்லி. தவில் வாசிக்கிறேன். எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நீங்க எழுதினதைப் பெரியப்பா சத்தமா வாசிச்சுக் காட்டினாரு. வாசிச்சிட்டு, 'இனிமே நீ இடது கையால வாசிக்கக்கூடாது'ன்னுட்டாரு. அச்சா, அந்தப் படத்தை நீங்க பாத்தீங்களா? பாக்காம எப்படி எழுதுனீங்க?"

விஷயம் இதுதான். தவில்காரர்கள் வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் வாசிப்பார்கள். இடது கையில் கழி பிடித்து மறுபக்கம் அடிப்பார்கள். வல்லிக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாம் தலைகீழ். கூடு இடது கையில், கழி வலது கையில். சிங்காரவேலு சார் அப்போதே கூடாது என்றாராம். வல்லியின் அப்பா அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த மூத்த தவில்காரர் படத்தைக் கையால் காட்டினாராம். அதில் அவருக்கும் கூடு இடது கையில்தான். சார் அன்றைக்கு வாயை மூடினவர், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அப்பா போய்விட்டார். இப்போது என் கட்டுரையால் அந்தப் படமும் போய்விட்டது.

"கையை மாத்திக்கோன்னா எப்படி ஆன்ட்டி? அப்பா சொல்லிக் குடுத்தது எல்லாம் இந்தக் கையிலதான் இருக்கு. இந்தக் கை போச்சுன்னா எனக்கு தவிலே இல்ல."

மறுநாளே ஆட்டோ பிடித்து ஆர்.கே.புரம் போனேன். சிங்காரவேலு சார் வில்லன் மாதிரி இருப்பார் என்று எதிர்பார்த்தால், தட்டு நிறைய முறுக்கை வைத்து உபசரித்தார். என் கட்டுரைகளைத் தேதிவாரியாக வெட்டி ஒட்டி வைத்திருந்தார். அப்படிப்பட்ட வாசகரிடம் எப்படிச் சண்டை போடுவது?

"நான் என் தம்பிக்குக் கட்டுப்படலைம்மா. படத்துக்குத்தான் கட்டுப்பட்டேன்" என்றார். "படமே இடம் வலம் மாறினதுன்னு நீங்க சொல்றீங்க. அப்ப நான் எதுக்குக் கட்டுப்படணும்? சாமி கல்யாணத்துல நொட்டாங்கை வாசிப்பு எனக்கு மனசு ஒப்பலை."

நியாயமான மனுஷர்தான், அதுதான் தொந்தரவு.

சுவரில் படத்தைப் பார்த்தேன். பார்த்த உடனே வல்லியையும் மறந்தேன், முறுக்கையும் மறந்தேன். தவில்காரர் உட்கார்ந்திருந்தது பட்டை ஜமக்காளத்தில். அருளப்பனின் ஜமக்காளம்! கீழே பெயர் இருந்தால் அது சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருக்க வேண்டும். முன்னால் இன்னொரு கண்ணாடி வேறு மாட்டியிருந்ததால், பூச்சு எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. "கழற்றிப் பார்க்கணும் சார்" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது.

அப்போது எனக்கு இருந்த சங்கடத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். உள்ளே அருளப்பன் பெயர் இருக்க வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அருளப்பன் கண்ணாடி என்றால், விபூதிப் படம் மாதிரி அதுவும் இடம் வலம் மாறியதாகத்தான் இருக்கும். எனக்கு லாபம் என்றால் வல்லிக்கு நஷ்டம்.

பெயர்

இப்போது மேஜைக்கு வரலாம். ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒன்று மட்டும் முரண்டு பிடித்து, டிக் என்று ஒரு சத்தம் போட்டது. வல்லி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உடைந்தது ஆணியின் தலைதான்.

பலகையை எடுத்தேன். உள்ளே ஒரு கட்டு. முன் கண்ணாடி, படக் கண்ணாடி, பின்னால் கருப்புத் துணி, மூன்றையும் சேர்த்து ஓரத்தில் காகிதப் பட்டி ஒட்டியிருந்தது. ஒட்டிய நாள் முதல் யாரும் தொடவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி, மெதுவாக நிமிர்த்தி, துண்டின் மேல் வைத்தேன்.

கீழ் ஓரத்தில் எழுத்து. அருளப்பன், மன்னார்குடி.

"இருக்கு! இருக்கு! அருளப்பன்!" என்று கத்திவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் வல்லியின் முகம் சுருங்கிவிட்டிருந்தது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு அந்த ஒரு பெயர் மட்டும் உடனே புரிந்துவிட்டது. சார் ஒரு பெருமூச்சு விட்டார். "அப்ப வலது கைதான்" என்றார். ஜெயித்த குரல் இல்லை அது.

"போதும் ஆன்ட்டி. உங்களுக்கு வேண்டியது கிடைச்சிடுச்சுல்ல, மூடிடுங்க" என்றாள் வல்லி.

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. மூடத்தான் போனேன். ஆனால் ஏதோ உறுத்தியது. எழுத்தை மறுபடி பார்த்தேன். விபூதிப் படத்தில் அருளப்பனின் கையெழுத்து ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போகும். இங்கே 'ள' நடுங்குகிறது. 'ன்' சாய்ந்து விழப் பார்க்கிறது. புதிதாக அரிச்சுவடி எழுதுகிற குழந்தை மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடிக் கீறியிருக்கிறார். ஏன் இப்படி? தன் பெயரையே எழுதத் தடுமாறுவாரா ஒரு மனுஷன்?

"வல்லி, அந்த பிளேடை எடு. ஜல்தி!"

பின்பக்கம்

காகிதப் பட்டியைச் சீவினேன். கருப்புத் துணியை நூல் நூலாக விலக்கினேன். படக் கண்ணாடியின் பின்பக்கத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தேன்.

மங்கலாக, பாலாடை படிந்த மாதிரி, பூச்சு தெரிந்தது. பின்பக்கத்தில்! அதன் மேல் கீறலாக எழுத்து. வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தும் திரும்பிப் பார்த்தபடி.

"சார், இங்க பாருங்க! பூச்சு பின்னாடி இருக்கு! நாம இத்தனை நாளாப் பாத்தது கண்ணாடி வழியா. கண்ணாடி வழியா பாத்தா எல்லாம் நேரா இருக்கும்!"

"புரியறாப்ல சொல்லுங்கம்மா."

ஜன்னல் கண்ணாடியில் ஒரு மெல்லிய காகிதத்தை ஒட்டி அதில் 'அ' எழுதி, வெளியே பால்கனிக்குப் போய் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு முறை போய்ப் போய் வந்தார். பிறகு படத்தை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

அருளப்பன் கண்ணாடியைக் கைவிடவே இல்லை! அவமானப்பட்ட மனுஷன் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். படத்தைத் திருப்பிப் போட்டால் கை சரியாகிவிடும். ஆனால் பெயர் இடம் வலமாகத் திரும்பிவிடுமே? சரி, பெயரைத் திருப்பி எழுதப் பழகிக்கொள்வோம். வாடிக்கைக்காரரின் கை சரியாக இருப்பதற்காகத் தன் கையெழுத்தைக் கோணலாக்கிக்கொண்டிருக்கிறார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத ஊரில், தானே கண்டுபிடித்திருக்கிறார். நான் தேடிய பள்ளம் அங்கேயே நிரம்பிவிட்டது. எனக்கு அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவர் இல்லாததால் வல்லியைக் கட்டிக்கொண்டேன். இருவரும் மேஜையைச் சுற்றிக் குதித்தோம். மேல் மாடி மாணவன் ஒருவன் இறங்கி வந்து கதவைத் தட்டி, "ஆன்ட்டி, சப் டீக் ஹை?" என்று, எல்லாம் சரிதானா என்கிற கவலையோடு கேட்டான். குதிக்கக்கூடாது என்று சொன்னவளே குதிக்கிறாளே என்று அவனுக்குக் குழப்பம்.

"அப்ப இவரு நெஜமாவே இடது கைதானா?" என்றார் சார், படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நெஜமாவே."

"சரி. திருக்கல்யாணத்துக்கு வந்துடு வல்லி. தவில் வார் புதுசா போட்டுக்கோ."

வல்லி உடனே சிரிக்கவில்லை. "படம் வேற மாதிரி சொல்லியிருந்தா, பெரியப்பா?"

சார் சால்வையைச் சரிசெய்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "நீ எப்படியும் வாசிச்சிருப்பே" என்றார் கடைசியில். "நான்தான் ஊத வராம வீட்லயே உக்காந்திருப்பேன். நீ உங்கப்பன் பொண்ணு. எனக்குத் தெரியாதா?"

அதற்குத்தான் வல்லி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள்.

கோயில் வாசலில்

திருக்கல்யாணத்தன்று ஆர்.கே.புரம் கோயிலில் நல்ல கூட்டம். ஸ்வெட்டருக்கு மேல் பட்டுப்புடவையும், பட்டுப்புடவைக்கு மேல் சால்வையுமாக டெல்லித் தமிழகமே வந்திருந்தது. நான் முதல் வரிசைக்கு முண்டியடித்துப் போனேன். மாங்கல்யதாரணத்தின்போது கெட்டிமேளம் என்று குரல் வந்ததும், வல்லியின் இடது கை எழும்பியது. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் இடித்தது. சார் நாகஸ்வரத்தை உயர்த்தி அவளைப் பார்த்துக்கொண்டே ஊதினார். சங்கீதம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விடாமல் துரத்துவது தெரிந்தது, அது சந்தோஷமாக இருந்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வல்லிக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. தோளில் தவில், விரல்களில் கூடு. "ஆன்ட்டி, பெரியப்பா, வாங்க, ஒரு செல்ஃபி" என்று எங்களை இழுத்து நடுவில் நின்றுகொண்டு, கோஷ்டிக்காரர் ஒருவரையும் பக்கத்தில் நிற்கவைத்து, அவருடைய நீண்ட கையை நீட்டி எடுக்கச் சொன்னாள். சார் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்னடி இது? கூடு வலது கைக்குப் போயிடுச்சு!"

"அது ஃப்ரன்ட் கேமரா பெரியப்பா. அப்படித்தான் திருப்பிக் காட்டும். யார் பாக்கப் போறா?"

"யார் பாக்கப் போறாவா?" சார் என் பக்கம் விரலை நீட்டினார். "நூறு வருஷம் கழிச்சு இந்தம்மா மாதிரி ஒருத்தி இதைத் தூக்கிட்டு வருவா. எங்க வல்லி வலது கைக்காரின்னு பத்திரிகையில எழுதிட்டுப் போயிடுவா. நான் விடுவேனா? முதல்ல இதை அழி. ஒழுங்கா எடு."

வல்லி போனை என்னிடம் கொடுத்தாள். நான் பின்பக்கக் கேமராவை வைத்துக்கொண்டு தள்ளி நின்றேன். "ம், எடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சார் அவளுடைய இடது கையைப் பிடித்து, விரல் கூடுகள் அத்தனையும் தெரியும்படி, படத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.